முன்கூடையில் ஒரு விலாசம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மொத்தம் ஏழு வரி. அதில் ஒரு வரி, ‘வேறு விசேஷம் இல்லை.’ பதினாலு மாடிக் கட்டடத்துக்கு வெளியே கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவனுக்கே விசேஷம் இல்லை என்றால், பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்று தெருவுக்குள் வாழ்கிற நான் எதை எழுதுவது? ஆனால் எனக்கு இருக்கிறது. அதுவும் உன் சைக்கிளைப் பற்றி.

முதலில் கசப்பான பகுதி. நேற்று அப்பாவுக்கு விடுமுறை. காலையிலேயே பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதுக்கு எடத்த அடச்சிக்கிட்டு” என்றார்.

சமையலறையிலிருந்து அம்மா, “அப்படின்னா பெத்த பிள்ளைகிட்ட பேசாத வாயையும் சேர்த்து எடைக்குப் போட்டுடுங்க” என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. நீ போன இரண்டு மாதத்தில் அந்த வித்தை அவருக்கு நன்றாகக் கைவந்துவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைத்திருந்த உன் சைக்கிளின் ஹேண்டில்பாரை இரும்புக்காரர் பிடித்ததுதான் தாமதம், முன்கூடையிலிருந்து ஒரு பறவை விருட்டென்று கிளம்பி அவர் நெற்றியை உரசிக்கொண்டு பறந்தது. “அம்மாடி, கண்ணத் தோண்டப் பாத்துச்சு” என்று அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குனிந்து பார்த்தோம். கூடைக்குள் உள்ளங்கை அளவு கிண்ணம் போல ஒரு கூடு, அதில் மூன்று முட்டை. வெளிர் ரோஜா நிறத்தில், யாரோ சிவப்பு மைப்பேனாவை உதறியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தன.

அப்பா வெகுநேரம் பார்த்தார். கூட்டின் விளிம்பில் குச்சிகளுக்கு நடுவே சணல் நூல் சுற்றியிருந்தது. கடிதக் கட்டைப் பிரித்து வாசலில் உதறுவாரே, அதே நூல். “இது நம்ம போஸ்டாபீஸ் நூல்” என்றார், ஏதோ சக ஊழியரைக் கண்டுகொண்டவர் போல. பிறகு இரும்புக்காரரிடம், “இப்ப எடுக்க முடியாதுங்க. ஆள் குடியிருக்கு” என்றார்.

“அப்ப எப்ப வரட்டும்?”

அப்பா என் பக்கம் திரும்பினார். அது கொண்டைக்குருவி என்று எனக்குத் தெரியும். தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கடியில் ஒரு சிவப்புத் துண்டு. நூலகப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அடைகாக்கப் பன்னிரண்டு நாள், பறக்கப் பன்னிரண்டு நாள், முன்னே பின்னே ஆகலாம். “ஒரு மாசம் கழிச்சு வாங்க” என்று அவரை அனுப்பிவிட்டார்.

ஆக, உன் சைக்கிளுக்கு ஒரு மாதம் வாய்தா கிடைத்திருக்கிறது. அண்ணா, நான் கவலைப்படுவது இரும்புக்காக இல்லை. அந்த வண்டி வாசலைத் தாண்டிவிட்டால், நீ திரும்பி வரமாட்டாய் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் நீயும் அப்படியே முடிவு கட்டிவிடுவாய். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம்.

நீ ஏன் போனில் கூப்பிடுவதில்லை?

உன் தங்கை

மார்ச் 9

அகராதிக்கு,

வரியை எண்ணிப் பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கையிலும் அகராதி, வாயிலும் அகராதி. இந்த முறை எண்ணிக்கொள், ஏழுக்கு மேல் இருக்கும்.

போன் செய்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். அம்மா போனை நீட்டுவாள், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். கடிதம் அப்படி இல்லை. நம் தெருவுக்குத் தபால்காரர் அவர்தான். என் கையெழுத்தைப் பார்த்தபடி, அதைத் தோளில் சுமந்து நடந்து, நம் வீட்டு வாசலில் கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது என்னைச் சுமக்கட்டுமே என்றுதான் எழுதுகிறேன். இது உனக்குப் புரியவில்லை என்றால் நீ படித்த புத்தகமெல்லாம் வீண்.

அவருக்கே ஒரு கடிதம் போட்டேன், வந்த புதிதில். உனக்குச் சொல்லவில்லை. உறையின் குறுக்கே சிவப்பு மையில் ‘பெறுநர் ஏற்க மறுப்பு’ என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைத்து, ஒழுங்காக எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கோபத்தில்கூட விதி தவறாத மனிதர்.

ஆனால் தப்பு முழுக்க அவருடையது இல்லை. தபால் இலாகா தேர்வுக்குப் போகிறேன் என்று கிளம்பி, தேர்வறை வாசல்வரை போய், அங்கே ஜன்னலெல்லாம் அடைத்திருந்ததைப் பார்த்ததும் மூச்சு முட்டித் திரும்பிவிட்டேன். அதுவரை சரி. அவர், “கயித்துல தொங்கவா உன்னப் பெத்தேன்” என்றபோது, நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீங்க தெருத்தெருவா அலையுறீங்க, நான் தொங்கிட்டுப் போறேன்.” அலைகிறது என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷ வேலையை. அந்தச் சொல்லை மட்டும் விழுங்கியிருக்கலாம்.

சரி, விசேஷம் கேட்டாயே. பதினோராம் மாடியில், ஜன்னல் விளிம்பில் ஒரு சிலந்தி வீடு கட்டியிருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு அது எதைத் தின்ன வந்தது என்று எனக்கும் கூட வேலை பார்க்கிறவருக்கும் பெரிய வாக்குவாதம். அந்த மூலையை மட்டும் துடைக்காமல் விடுகிறேன். ஜன்னலுக்கு உள்ளே ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா தாளில் ‘இடது மூலை அழுக்கு’ என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். நான் விரலால் சிலந்தியைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் வேறு தாள் இருந்தது: ‘இடது மூலை இருக்கட்டும்.’

முட்டை என்ன ஆயிற்று என்று எழுது.

அண்ணன்

மார்ச் 17

அன்புள்ள தொங்கும் அண்ணாவுக்கு,

மூன்றும் பொரித்துவிட்டன. முதல் குஞ்சு நேற்று முன்தினம், மற்ற இரண்டும் நேற்று. அழகு என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மையை எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன்: உரித்த வேர்க்கடலைக்கு வாய் முளைத்தது போல இருக்கின்றன. கண் திறக்கவில்லை. நாம் மூச்சு விட்டாலே அம்மா வந்துவிட்டாள் என்று மூன்று வாயும் ஒன்றாகத் திறக்கின்றன. உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கிறது.

வீட்டின் நடமாட்டமே மாறிவிட்டது. அப்பா படிக்கட்டுப் பக்கம் வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பையைச் சத்தமில்லாமல் வைக்கிறார். அம்மா நேற்று கண்ணாடிக்கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: “நான் ரெண்டு பெத்தேனே, ஒரு நாளாவது இப்படிப் பூனை மாதிரி நடந்தீங்களா?”

“உனக்குக் கூடு நான் கட்டல? அது தானே கட்டிக்கிட்டிருக்கு, பாவம்” என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குத் தெரியாது. (அவள் மூக்குக்கண்ணாடி விற்கிறாள், நீ ஜன்னல் கண்ணாடி துடைக்கிறாய். கண்ணாடிப் பிழைப்பு நமக்குக் குடும்பத் தொழில் என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லப் பார்த்தேன். பேச்சை முடிக்குமுன் எழுந்து போய்விட்டார்.)

இனி முக்கியமானது. வியாழக்கிழமை அப்பாவின் சைக்கிள் உடைந்துவிட்டது. நடுத்தண்டில் விரிசல் விட்டு, மேட்டுத் தெருவில் இரண்டாகப் பிரிந்தேவிட்டதாம். ஆபீஸிலிருந்து வேறு வண்டி வர ஒரு மாதம் ஆகுமாம். இங்கே உன் வண்டி சும்மா நிற்கிறது. எதிர்வீட்டு டெய்லர்கூடக் கேட்டார்: “கூட்டை அப்படியே தூக்கி வேற எடத்துல வச்சிட்டு வண்டிய எடுத்துக்கங்க சார், குருவிக்கு என்ன தெரியும்?”

அப்பா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “அதுக்குத்தாங்க தெரியும். இரை தேடிப் போயிட்டு, இந்த எடம்னு நினைச்சுத் திரும்பி வரும். வந்து பாத்தா வீடு இல்லன்னா?”

சொல்லிவிட்டு அவரே சட்டென்று உன் சைக்கிள் பக்கம் திரும்பிக்கொண்டார். டெய்லர் கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அப்பா நடந்தே தபால் கொடுக்கிறார்.

உன் அகராதி

மார்ச் 21

அகராதிக்கு,

பெரிய படிப்பாளிக்கு ஒரு செய்தி. உன் கடித உறையில் அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறாய். நியாயப்படி அது வேறு ஏதோ ஊருக்குப் போய், பத்து நாள் சுற்றிவிட்டு, முத்திரை மேல் முத்திரையாக வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாம் நாளே நேராக என் கைக்கு வந்துவிட்டது.

ஏனென்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த இரண்டு இலக்கமும் ஒரு கோட்டால் அடிக்கப்பட்டு, மேலே சரியான எண் எழுதியிருக்கிறது. சிவப்பு மையில். ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. நம் வீட்டில் யார் அப்படி ஏழு போடுவார்கள்?

நீ தெருமுனைப் பெட்டியில்தான் போட்டிருப்பாய். அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் அவர்தான். ஆனால் என் விலாசத்தை அவருக்கு நான் சொன்னதே இல்லை. அப்படியென்றால் என் உறைகளின் ஓரத்தில் இருக்கிற அனுப்புநர் முகவரியைப் படித்திருக்கிறார். எண் மனப்பாடம் ஆகிற அளவுக்குப் படித்திருக்கிறார்.

அன்றைக்குக் கயிற்றில் இறங்கும்போது சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் மாடி அம்மா என்ன என்று கையாலேயே கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எப்படிச் சொல்வது? ஈரக் கண்ணாடியில் விரலால் ஒரு ஏழு போட்டு, நடுவில் கோடு கிழித்துக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கை தட்டினார்.

அண்ணன்

மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்த எண்ணை நான் வேண்டுமென்று தப்பாகப் போடவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதைப் போல உருப்படியான தப்பு நான் செய்ததே இல்லை. அப்பா அன்றைக்கே சாப்பிடும்போது யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: “சில பேர் மூட்ட மூட்டையாப் படிக்கிறாங்க, ஒரு விலாசம் முழுசா எழுதத் தெரியல.” எதற்காகச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அதனால் இந்த உறையில் உன் தெருப் பெயரையே எழுதப் போவதில்லை. இது வேண்டுமென்று. என்ன ஆகிறது என்று பார்த்து எழுது.

இங்கே செவ்வாய்க்கிழமை பெருமழை. மாடிப்படிக் கைப்பிடி வழியாகத் தண்ணீர் ஒழுகி நேராகக் கூடையை நோக்கி வந்தது. தாய்க்குருவி இறக்கையை விரித்துக் குஞ்சுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. தலை நனைந்து, கொண்டை சரிந்து, பார்க்கவே ஏதோ போல இருந்தது. அப்பா தன் மழைக்கோட்டைக் கொண்டுவந்தார். ஒரு முனையைக் கைப்பிடியிலும் மறு முனையை ஜன்னல் கம்பியிலும் சணல் நூலால் கட்டிக் கூரை போட்டார். குருவி அசையவே இல்லை. அவர் விரலுக்கும் அதன் அலகுக்கும் நடுவே அரை சாண்கூட இல்லை.

கட்டி முடித்தபின் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். “தாங்குமா?” என்று என்னைக் கேட்டார். தாங்கும் என்றேன். “கயிறு தாங்கும். முடிச்சு போடுறவன் ஒழுங்காப் போடணும்” என்றார். மறுபடி இழுத்துப் பார்த்தார். இதை அவர் குருவிக்காக மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளும் மழை. கோட்டு குருவிக்குப் போய்விட்டதால், பிளாஸ்டிக் தாளைக் கடிதப் பையின் மேல் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டே போனார். சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்தார். ஆனால் முகம் எப்படி இருந்தது தெரியுமா, பாதி வழியில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள் என்றால் எங்கள் வகுப்பு முகம் எப்படி இருக்கும், அப்படி. தலையைத் துவட்டிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். மேட்டுத் தெருவில் ஒரு சுவர் விரிசலில் தக்காளிச் செடி முளைத்துக் காய் பிடித்திருக்கிறதாம். ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு மரங்கொத்தி மின்கம்பத்தை மரம் என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருக்கிறதாம். சைக்கிளில் போகும்போது இதெல்லாம் கண்ணில் பட்டதே இல்லையாம்.

“நடக்குறது கஷ்டமா இல்லையாப்பா?” என்று கேட்டேன்.

துண்டைத் தலையிலிருந்து எடுத்து உதறினார். பிறகு, “அலையுறதும் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

அந்தச் சொல்லைத்தான் சொன்னார், அண்ணா. நான் மாற்றி எழுதவில்லை.

குஞ்சுகளுக்குக் கண் திறந்துவிட்டது. இறகு முளைத்து விளிம்புவரை வந்து எட்டிப் பார்க்கின்றன. எனக்கு ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் பயம். அவை பறந்துவிட்டால் இரும்புக்காரர் வருவார்.

உன் அகராதி

மார்ச் 28

அகராதிக்கு,

உறை வந்தது. தெருப் பெயர் மட்டுமில்லை, கட்டட எண், மாடி எண், ‘பேக்கரிக்கு எதிரில்’ உட்பட எல்லாம் சிவப்பு மையில். அந்தப் பேக்கரி அடையாளத்தை, உனக்கு எழுதிய முதல் கடிதத்தின் உறையில் மட்டும்தான் போட்டிருந்தேன்.

அது போதாது என்று, உறையின் பின்பக்கம், ஒட்டுகிற மடிப்புக்கு அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி:

‘ஏறும் முன் கயிற்றைச் சோதிக்கவும்.’

பெயர் இல்லை, தேதி இல்லை. அறிவிப்புப் பலகை மாதிரி ஒரு வரி. பிறர் கடிதத்தில் தபால்காரர் ஒரு புள்ளி வைத்தாலும் குற்றம் என்று நமக்குச் சின்ன வயசில் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

நான் தினமும் ஒரு முறை சோதிப்பேன். இப்போது இரண்டு முறை. கூட வேலை பார்க்கிறவர், “என்னப்பா, புதுசா உசுரு மேல ஆச வந்திருக்கு?” என்று கிண்டல் செய்கிறார். ஆமாம் என்றேன்.

முதல் நாள் மேலே ஏறினபோது எனக்குக் கால் நடுங்கியது. இதையும் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் கண்ணாடியில் என் முகத்துக்குப் பின்னால் வானம் முழுக்கத் தெரிந்தது. நான் துடைக்கத் துடைக்க அது இன்னும் தெளிவாகிக்கொண்டே வந்தது. நடுக்கம் போய்விட்டது. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முதலில் அவரிடம்தான்.

அதனால் இன்றைக்கு அவர் பெயருக்கே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. சும்மா வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது. பெறுநர் கையெழுத்துப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ‘மறுப்பு’ என்று எழுதியாக வேண்டும். கையெழுத்துப் போட்டால் அந்த அட்டை எனக்குத் திரும்பி வரும். மறுத்தால் கடிதமே வரும். நடுவில் வேறு வழி இல்லை. விதி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்த முறையும் மறுத்தால், அகராதி, மூன்றாவதாக எழுத எனக்குத் தெம்பு இருக்காது.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். 

குஞ்சுகள் வெள்ளிக்கிழமை பறந்துவிட்டன. முதல் இரண்டும் ஒரே நாளில், அலட்டிக்கொள்ளாமல். கடைசிக் குஞ்சு மட்டும் சைக்கிள் பெல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அரை நாள் யோசித்தது. அம்மா கடைக்குப் போகாமல் நின்றாள். “இவன் உங்க பரம்பரைதான், வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்புறான் பாருங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. “விடு, அதுக்கு எந்தப் பக்கம் பறக்கணும்னு அதுக்குத் தெரியும்” என்றார். சாயங்காலம் அது பறந்து டெய்லர் வீட்டு மாடியில் போய் இறங்கியது.

நேற்று நான் பள்ளியிலிருந்து வரும்போது இரும்புக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார்.  நாலு மணிக்கு அப்பா வந்தார். நம் வீடுதான் அவருக்குக் கடைசி வீடு. பை காலி, கையில் ஒரே ஒரு உறை. உன் கையெழுத்து எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

வாசலுக்கு வெளியே நின்று உறையைப் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து, உன் சைக்கிளை மாடிப்படிக்கு அடியிலிருந்து உருட்டிக்கொண்டு போனார். இரும்புக்காரர் எழுந்து கையை நீட்டினார். அப்பா அவரைத் தாண்டித் தெருவுக்குப் போய், வண்டியை வாசலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தி, பெல்லை இரண்டு முறை அடித்தார்.

“பதிவுத் தபால்” என்றார்.

அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். “யாருக்குங்க?”

அப்பா தன் பெயரை முதலெழுத்தோடு முழுசாகப் படித்தார். “இருக்காரா?”

“இருக்காருங்க. ஆனா கொஞ்சம் பிடிவாதக்காரர். கையெழுத்துப் போடுவாரான்னு சொல்ல முடியாது.”

“கூப்பிடுங்க.”

வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தார். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகம் கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். அம்மா உறையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சிவப்புப் பேனா இருந்தது. அதை எடுத்து மூடியைத் திறந்தார். 

“சிவப்பு வேணாம்” என்றார், அதை மூடிக்கொண்டே. “உன் பேனாவக் குடு.”

என் நீலப் பேனாவைக் கொடுத்தேன். அட்டையில் கையெழுத்துப் போட்டார். என்ன போட்டார் என்று பார்க்கக் கழுத்தை நீட்டினேன். இடது கையால் மறைத்துக்கொண்டார், தேர்வில் எங்கள் வகுப்பு முதல் மாணவி மறைப்பாளே, அப்படி.

“சார், வண்டி?” என்றார் இரும்புக்காரர் வாசலிலிருந்து.

“அது ஓட்டுற வண்டிங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அம்மா அவரை நிறுத்தித் தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

உன் கடிதத்தை அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகப் படித்தார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று தோன்றியது. பிறகு பம்ப்பைத் தேடி எடுத்து இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தார். இன்று காலை அதில்தான் வேலைக்குப் போனார், கடிதப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு. முன்கூடையில் கூடு அப்படியே இருக்கிறது. டெய்லர், “காலிக் கூட்ட எதுக்கு சார் சுமக்குறீங்க?” என்று கேட்டதற்கு, “கூடுதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்றாராம்.

இந்த உறையில் உன் விலாசத்தை முழுசாக, சரியாக எழுதியிருக்கிறேன். இனி தப்பாக எழுதத் தேவை இருக்காது என்று நம்புகிறேன்.

உன் அகராதி

ஏப்ரல் 6

அகராதிக்கு,

அட்டை வந்தது.

இங்கே தபால் நிலையத்தில் அதை என்னிடம் கொடுத்தவர் முகத்தைச் சுளித்தார். “தம்பி, இந்தக் கையெழுத்து செல்லாது. பெறுநர் தன் பேரத்தான் எழுதணும். இதப் போட்டவருக்கு விதிமுறை ஒண்ணும் தெரியாது போல” என்றார்.

அவருக்கு மூன்று முறை ஜன்னல் கண்ணாடியை இலவசமாகத் துடைத்துக் கொடுக்கலாம் போல இருந்தது.

பெறுநர் கையொப்பம் என்று அச்சடித்த இடத்தில், நீல மையில், முப்பது வருஷமாக ஒரு விதியும் தவறாத அந்தக் கையெழுத்தில், மூன்றே எழுத்து:

அப்பா.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு அவரை சைக்கிளிலேயே வரச் சொல். கூட்டை எடுக்க வேண்டாம். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அண்ணன்